மெதுவாகப் போகும்போது பைக் இன்ஜின் நின்றுவிடுகிறதா? மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்லூரில் சின்னதாக ஒரு டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். "ஓடுறப்ப நல்லாத்தான் ஓடுதுண்ணே, சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுது" என்று சொல்லிக்கொண்டு யாராவது வராத வாரம் கிடையாது. அவர்களில் பலர் ஏற்கெனவே இரண்டு இடத்தில் காட்டி, ப்ளக் மாற்றி, கார்புரேட்டர் கழுவி, அப்படியும் தீராமல் வருகிறவர்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். 100 முதல் 160 சிசி வரை உள்ள ஒற்றை சிலிண்டர் வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. நம் ஊர்த் தெருக்களில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை அவைதானே.

60-ல் போகும்போது ஒரு குறையும் இல்லை. நின்றால் மட்டும் ஏன் ஆஃப் ஆகிறது?

ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டுவிட்ட நிலையில் இன்ஜின் தானாகச் சுற்றிக்கொண்டிருப்பதைத்தான் பட்டறையில் 'ஸ்லோ' என்கிறோம். பெரும்பாலான வண்டிகளில் அது நிமிடத்துக்கு 1,400 சுற்று அளவில் இருக்கும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் பெட்ரோல் எரியும். கணக்குப் போட்டால் நொடிக்கு 12 தடவைகூட வராது.

60-ல் போகும்போது ஒன்றிரண்டு தடவை எரியாமல் போனாலும் வண்டியின் ஓட்டமே இன்ஜினைச் சுற்றவைத்துவிடும். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. கிளட்சைப் பிடித்து நிற்கும்போது அந்த உதவி கிடைக்காது. உள்ளே சுற்றும் மேக்னட்டின் கனம் மட்டும்தான் அடுத்த எரிப்பு வரைக்கும் தள்ளவேண்டும். அடுத்தடுத்து இரண்டு மூன்று தவறினால் இன்ஜின் நின்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு. கார்புரேட்டர் வண்டியில் ஸ்லோவுக்குப் பெட்ரோல் போகிற வழியே வேறு. வேகத்தில் மெயின் ஜெட் வழியாகப் போகும். ஸ்லோவில் பைலட் ஜெட் என்ற சின்னத் துளை வழியாகப் போகும். ஆகவே, நன்றாக ஓடுகிறது என்றால் மெயின் ஜெட் சரியாக இருக்கிறது என்றுதான் பொருள். பைலட் ஜெட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்?

எனக்கு இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். வண்டி நிற்கிறது என்று சொல்வதைவிட எப்போது நிற்கிறது என்று சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போதா, ஐந்தாறு கிலோமீட்டர் ஓடிச் சூடான பிறகா? கிளட்ச் பிடித்ததுமா, கியர் போட்டதுமா, ஹேண்டிலைத் திருப்பும்போதா? மழைக்கு மறுநாளா? டேங்க்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது மட்டுமா? நின்ற பிறகு உடனே ஸ்டார்ட் ஆகிறதா, கால் மணி நேரம் ஆறவிட்டால்தான் ஆகிறதா?

எல்லாவற்றுக்கும் மேல், நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். விளக்கை அணைத்த மாதிரி பட்டென்று நின்றால் நான் முதலில் வயரிங், சுவிட்ச், ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் பக்கம் போவேன். திணறி, ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) மெல்ல இறங்கி, ரேஸ் கொடுத்தால் பிழைத்துக்கொண்டு, கொடுக்காவிட்டால் நின்றால் பெட்ரோலும் காற்றும் பக்கம் போவேன். நூற்றுக்கு நூறு இது சரியாக வரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் முதலில் எங்கே கைவைப்பது என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியாது.

'ஸ்லோ செட் பண்ணுங்க' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் ஸ்லோவை மட்டும்தான் செட் செய்வார்கள். அது நிற்கிற நேரத்தில் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சத்தத்தோடு. பட்டறைக்கு வந்ததும் வண்டி சமத்தாக ஓடிக் காட்டும். அப்போது அந்த வீடியோ கைகொடுக்கும்.

ஸ்லோவைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் சரியாகிவிடாதா?

நிற்பது நிற்காமல் போகும். நோய் அப்படியே இருக்கும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், ப்ளக் தேய்ந்திருந்தாலும், டேப்பட் (வால்வு இடைவெளி) இறுகியிருந்தாலும் ஸ்லோ ஸ்க்ரூவை இரண்டு சுற்று உள்ளே திருகினால் இன்ஜின் நிற்காமல் ஓடும். ஒரு மாதம் கழித்து அந்தக் குறை வளர்ந்து இன்னொரு சுற்று கேட்கும். நியூட்ரலில் 2,000-க்கு மேல் உறுமுகிற வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன. முதல் கியர் போட்டால் 'டங்' என்று உதைக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் வண்டி அடங்காது. மாசி வீதி நெரிசலில் பிரேக்கோடு சண்டை போட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும். பெட்ரோலும் வீண், சூடும் அதிகம்.

ஸ்லோ வைப்பது கடைசி வேலை. எல்லாம் பார்த்துச் சரிசெய்து, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு வைக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் வைத்த ஸ்லோ சூடானதும் ஏறிப்போயிருக்கும்.

கார்புரேட்டரில் அப்படி என்ன அடைத்துக்கொள்கிறது? கழுவினாலும் திரும்ப வருகிறதே?

பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. டேங்க்கின் அடியில் சேர்ந்த துரு, தூசி, வண்டி பல வாரம் நின்றதில் பெட்ரோல் வற்றிப் பிசினாகப் படிந்தது, இவற்றில் எது ஒரு துளி வந்தாலும் போதும்.

திரும்ப வருவதற்கு இரண்டு காரணங்களைப் பார்க்கிறேன். முதலாவது, கார்புரேட்டரைக் கழுவுகிறார்கள், டேங்க்கைப் பார்ப்பதில்லை. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே செம்மண் நிறத்தில் துரு தெரிந்தால் ஜெட்டை எத்தனை தடவை கழுவினாலும் வீண். டேங்க்கை இறக்கிச் சுத்தம் செய்து, பெட்ரோல் டேப்பில் இருக்கும் சல்லடையைப் பார்த்து, பெட்ரோல் ட்யூப்பில் ஒரு ஃபில்டர் போட வேண்டும்.

இரண்டாவது காரணத்தைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. கம்பியைவிட்டு ஜெட்டைக் குத்துவது. ஜெட் பித்தளை, கம்பி இரும்பு. குத்தக் குத்தத் துளை பெரிதாகிவிடும். அப்புறம் பெட்ரோல் கூடுதலாகப் போய் ப்ளக் கருகும், ஸ்லோ தடுமாறும், என்ன திருகினாலும் பிடிபடாது. கிளீனர் ஸ்ப்ரே அடித்து, கம்ப்ரஸர் காற்றில் ஊதினால் போதும். அப்படியும் திறக்காவிட்டால் புது ஜெட் போடுவதுதான் நேர்மையான வேலை, அதற்குப் பெரிய விலையும் இல்லை.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் ஒரு வடிகால் ஸ்க்ரூ இருக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது, பக்கத்தில் அடுப்போ பீடியோ இல்லாத இடத்தில், ஒரு கண்ணாடி டம்ளரைப் பிடித்து அதைத் திறந்துவிடுங்கள். வடிந்த பெட்ரோலின் அடியில் கண்ணாடி மணி மாதிரி உருண்டு நிற்பது தண்ணீர். அடியில் பழுப்பாகப் படிவது துரு. இந்த ஒரு டம்ளர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடும்.

ஸ்லோவில் காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவை வைக்கும் காற்று ஸ்க்ரூவை நீங்களே திருகப் போகிறீர்கள் என்றால் முதலில் மெல்ல உள்ளே திருகி, அடிதொடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடியில் இறுக்கிவிடாதீர்கள், அதன் ஊசிமுனை நசுங்கிவிடும். எண்ணாமல் திருகியவர்கள் பழைய இடத்துக்கு வர முடிவதில்லை.

காலையில் மட்டும் இரண்டு மூன்று தடவை நின்று, பிறகு சரியாகிவிடுகிறது. இது குறையா?

கார்புரேட்டர் வண்டியில் பெரும்பாலும் குறை இல்லை. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் சோக். மார்கழியில் சோக் போட்டு ஸ்டார்ட் செய்து, அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். எடுக்க மறந்து அப்படியே ஆபீஸ் வரை ஓட்டினால் ப்ளக் கரி பிடித்து, அதனாலேயே சிக்னலில் நிற்க ஆரம்பிக்கும். சித்திரை வெயிலிலும் சோக் இல்லாமல் ஸ்டார்ட் ஆகாது என்றால் பைலட் ஜெட் பாதி அடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சூடானால்தான் நிற்கிறது. அக்னி நட்சத்திரம் வந்தால் தினமும் நிற்கிறது. ஏன்?

மே மாதம் மதுரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். தார் ரோட்டின் சூடு அதற்கு மேல். நம் வண்டிகளில் பெரும்பாலானவை காற்றில் குளிர்பவை. காற்று கிடைக்க வண்டி ஓட வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தல்லாகுளத்திலிருந்து கோரிப்பாளையம் வரை முதல் கியரில் ஊர்ந்து வந்தால் இன்ஜினுக்குக் காற்று எங்கிருந்து வரும்? ஆனால் நல்ல நிலையில் இருக்கும் வண்டி அந்தச் சூட்டையும் தாங்கும். தாங்காத வண்டியில் நான் முதலில் பார்ப்பது டேப்பட்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் என்ற நெம்புகோலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்க வேண்டும். டேப்பட் வைப்பது என்றால் இந்த இடைவெளியை வைப்பதுதான். வண்டிக்கு வண்டி மாறும், பொதுவாக 0.05-லிருந்து 0.1 மில்லிமீட்டர் வரை, ஒரு தாளின் கனம்தான். சூடானால் வால்வு நீளும், அந்த நீட்சிக்காக விட்ட இடம் அது. இடைவெளி இல்லாவிட்டால் சூடான வால்வு முழுக்க மூடாது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம்) கசியும். வேகத்தில் அது தெரியாது, ஸ்லோவில் இன்ஜின் நின்றுவிடும். பத்து நிமிடம் ஆறினால் வால்வு சுருங்கி, இடைவெளி திரும்பி, ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகும். சூட்டில் நின்று, ஆறினால் ஓடும் வண்டிகளில் பாதிக்கதை இதுதான் என்பது என் அனுபவம்.

இடைவெளி எப்படிக் குறைகிறது? ஓட ஓட வால்வு தன் இருக்கையில் தேய்ந்து பதிவதால் குறையும். ஆனால் பல வண்டிகளில் நாமே குறைத்துவிடுகிறோம். "டக் டக்குன்னு சத்தம் வருதுண்ணே, சத்தமே இல்லாமப் பண்ணுங்க" என்று கேட்கிறார்கள். மெக்கானிக்கும் வாடிக்கையாளர் திருப்திக்காக இறுக்கிவிடுகிறார். சத்தம் போய்விடும். அடுத்த வாரம் யானைக்கல் ஏற்றத்தில் வண்டி நிற்கும். லேசான டேப்பட் சத்தம் வருகிற வண்டியைக் கண்டு நான் பயப்படமாட்டேன். சுத்தமாகச் சத்தமே இல்லாத பழைய வண்டிதான் எனக்குக் கவலை. அதிக நாள் அப்படி ஓடினால் எக்ஸாஸ்ட் வால்வு கருகி, ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். டேப்பட்டை இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டைப் போட்டு, வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவில் வைக்க வேண்டும். ராத்திரி வண்டியை விட்டுவிட்டுக் காலையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

டேப்பட் சரியாக இருந்தும் சூட்டில் நின்றால் அடுத்தது காயில். சூடானதும் உள்ளே சுற்று விட்டுப்போய் ஸ்பார்க் வராமல், ஆறினால் வரும் காயில்கள் உண்டு. ஒரு மாற்று ப்ளக்கை வண்டியிலேயே வைத்திருங்கள். நின்ற அந்த நிமிடத்திலேயே, பெட்ரோல் கசிவு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, கேப்பைக் கழற்றி மாற்று ப்ளக்கில் மாட்டி, இன்ஜினில் உலோகம் தெரியும் இடத்தில் தொடவைத்து, கேப்பின் ரப்பரைப் பிடித்தபடி கிக் அடித்துப் பாருங்கள். ஊதா நிறத்தில் சொடுக்கினால் காயில் நன்றாக இருக்கிறது. ஒன்றுமே இல்லையென்றால் ஆறவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது வந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. இந்தச் சோதனையைப் பட்டறையில் செய்வது கஷ்டம், வருவதற்குள் வண்டி ஆறிவிடும்.

கிளட்ச் பிடித்து நின்றால் ஓடுகிறது; கியர் போட்டதும் நின்றுவிடுகிறது.

ஸ்டாண்டைப் பாருங்கள். இப்போது வரும் வண்டிகளில் சைடு ஸ்டாண்ட் போட்டிருந்தால் கியர் விழுந்ததும் இன்ஜினை அணைக்கும் சுவிட்ச் இருக்கிறது. ஸ்டாண்டை எடுத்தாலும் சேறு அடைத்தோ வயர் நைந்தோ அந்த சுவிட்ச் 'போட்டிருக்கிறது' என்றே நினைத்துக்கொள்ளும். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது நிற்பதும் இதனால் நடக்கும்.

சுவிட்ச் இல்லையென்றால் கிளட்ச். லிவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் விளையாட்டு (கேபிள் இழுக்கும் முன் லிவர் சும்மா நகரும் தூரம்) இருக்க வேண்டும். அதைவிட அதிகம் தொளதொளவென்று இருந்தால் முழுக்கப் பிடித்தாலும் கிளட்ச் பிரியாது, முதல் கியரில் இன்ஜினைப் பிரேக் மாதிரி இழுத்து நிறுத்திவிடும். நியூட்ரல் விழ மறுப்பதும் இதன் அடையாளம். கேபிளை அட்ஜஸ்ட் செய்தால் ஐந்து நிமிட வேலை.

ஹேண்டிலைத் திருப்பினால் நிற்கிறது என்று சொன்னால் நம்புவார்களா?

நான் நம்புவேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலை பூ ஏற்றிப் போகும் ஒரு அண்ணன் வண்டி, யூ-டர்ன் எடுக்கும்போது மட்டும் நிற்கும். அதுவும் வலது பக்கம் திரும்பினால்தான். மூன்று தடவை வேறு வேறு இடத்தில் கார்புரேட்டர் கழுவியிருந்தார்கள். என்னிடம் வந்தபோது நானும் முதலில் கார்புரேட்டரைத்தான் கழற்றினேன், அவர் சொன்னதைக் காதில் வாங்காமல். பிறகுதான் வண்டியை நிறுத்தி வைத்து, ஸ்டார்ட்டில் இருக்கும்போதே ஹேண்டிலை முழுக்க வலப்பக்கம் திருப்பினேன். பட்டென்று நின்றது. ஹேண்டிலின் கழுத்துக்குக் கீழே சாவி சுவிட்ச்சிலிருந்து வரும் வயர், மேலே உறை நன்றாக இருந்தும் உள்ளே செம்பு அறுந்திருந்தது. திருப்பும்போது இழுபட்டுப் பிரியும், நேராக்கினால் ஒட்டிக்கொள்ளும். எப்போது நிற்கிறது என்று சொல்லுங்கள் என்று மேலே எழுதியதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

இதே சோதனையை நீங்களும் செய்யலாம். வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில், ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். நின்றால் வயர். மாறாக ஆர்பிஎம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது, அது இன்னும் ஆபத்து. அன்றைக்கே சரிசெய்யுங்கள்.

என் வண்டி எஃப்ஐ (ஃப்யூவல் இன்ஜெக்ஷன்). கார்புரேட்டரே இல்லை. இதற்கு எதைப் பார்ப்பது?

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளைத்தான் விற்க முடியும் என்று ஆனதால், அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் எஃப்ஐதான். ஜெட் கிடையாது; பெட்ரோல் எவ்வளவு என்பதை ஈசியு என்ற சின்னக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. ஆனால் ஸ்லோவுக்கான காற்று இதிலும் சின்ன வழியாகத்தான் போகிறது. காற்று உள்ளே போகும் திராட்டில் பாடியின் ஓரத்தில் கரி படிந்தாலோ, ஸ்லோ காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒட்டிக்கொண்டாலோ அதே கதைதான். சுத்தம் செய்தால் தீரும்.

சாவியைப் போட்டதும் டேங்க்குக்குள் இரண்டு மூன்று நொடி 'ஙொய்' என்று பம்ப் சத்தம் வர வேண்டும். வராவிட்டாலோ இழுத்து இழுத்து வந்தாலோ பம்ப் அல்லது பேட்டரி. எஃப்ஐ வண்டிக்குப் பேட்டரி உயிர். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். நெரிசலில் ஸ்லோவில் நிற்கும்போது சார்ஜ் குறைவாக வரும். நான்கு வயது பேட்டரி அந்த நேரத்தில் சோர்ந்தால், இண்டிகேட்டர் போட்டதும் வண்டி நிற்கும். அப்புறம், பம்ப் பெட்ரோலில் முங்கியிருந்துதான் குளிர்கிறது. எப்போதும் 50 ரூபாய்க்குப் போட்டு ரிசர்வில் ஓட்டுவது பம்ப்புக்குக் கெடுதல். கையில் காசு இருக்கும்போதாவது நிரப்பி வையுங்கள்.

மீட்டரில் இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தால் ஸ்கேனர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஊகத்தில் சென்சார் சென்சாராக மாற்றுவது பணத்தைக் கரைக்கும் வழி.

இ20 பெட்ரோல்தான் காரணம் என்கிறார்களே?

கொஞ்சம் உண்மை, நிறைய சாக்கு. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்தது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். எத்தனாலில் ஆக்ஸிஜன் சேர்ந்தே இருப்பதால் பழைய கார்புரேட்டர் வண்டியில் கலவை சற்று மெலிந்துபோகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறைவாகிவிடும். முன்பே மெலிவாக வைத்திருந்த வண்டி ஸ்லோவில் தடுமாறலாம், காற்று ஸ்க்ரூவைச் சற்று மாற்றினால் போதும். பழைய ரப்பர் ட்யூப்களும் வாஷர்களும் சீக்கிரம் கெடலாம். தண்ணீரை இழுக்கும் குணமும் எத்தனாலுக்கு உண்டு. தண்ணீர் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும், டேப் முதலில் எடுப்பது அதைத்தான். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் ஆறு மாதம் நிறுத்தி வைத்த வண்டியை எடுத்து ஓட்டும்போது நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

ஆனால் தினமும் ஓடுகிற, ஏர் ஃபில்டர் இரண்டு வருடமாக மாற்றாத வண்டி நின்றால் பங்க்கைத் திட்டிப் பயனில்லை.

ஏர் ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதாதா?

எண்ணெய்ப் பசை உள்ள காகித ஃபில்டரைக் காற்றடிக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஸ்பாஞ்ச் என்றால் கழுவலாம். மேலூர், ஒத்தக்கடைப் பக்கம் கல் லாரிகளுக்குப் பின்னால் தினமும் போகிறவர்கள் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே பார்க்க வேண்டும்.

மழையில், அல்லது வாட்டர் சர்வீஸ் செய்த பிறகு நிற்கிறது.

ப்ளக் கேப்புக்குள் ஈரம். கழற்றித் துடைத்துக் காயவைத்து மாட்டினால் பெரும்பாலும் சரி. ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீரை ப்ளக், வயர் இணைப்புகள், ஏர் ஃபில்டர் பெட்டி பக்கம் அடிக்கவேண்டாம் என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மணிநகரம் கர்டர் பாலத்தின் கீழ் தண்ணீர் நிற்கும்போது உள்ளே விட்டு, நடுவில் வண்டி நின்றுவிட்டால் தயவுசெய்து மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், செல்ஃப் அடித்ததும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வந்து, ப்ளக்கைக் கழற்றி மெல்லக் கிக் அடித்து உள்ளே இருப்பதை வெளியேற்றி, இன்ஜின் ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிய பிறகு இழுக்காமல் நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து ஓடுகிறது.

டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் இறங்காது. திருமங்கலத்திலிருந்து தினமும் வரும் ஒரு டீச்சரின் வண்டியில், மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க யாரோ மூடிக்குக் கீழே பிளாஸ்டிக் கவரை மடித்து வைத்திருந்தார்கள். அதை எடுத்ததும் தீர்ந்தது. பில் போட ஒன்றுமில்லை.

சிக்னலில் தானாக அணைந்து, கிளட்ச் பிடித்தால் தானாக ஸ்டார்ட் ஆகிறது. இதுவும் கோளாறா?

இல்லை. ஹீரோவின் ஐ3எஸ் போன்ற வசதி உள்ள வண்டிகள் நியூட்ரலில் சில நொடி நின்றால் பெட்ரோல் மிச்சத்துக்காகத் தானே அணையும். வேண்டாம் என்றால் அதற்குத் தனி சுவிட்ச் இருக்கிறது.

ஸ்கூட்டரில் கிளட்ச் லிவரே இல்லையே, அது ஏன் நிற்கிறது?

ப்ளக், ஃபில்டர், பெட்ரோல் எல்லாம் பைக் மாதிரியேதான். கூடுதலாக ஒன்று: பின்சக்கரத்தின் பக்கம் உள்ள கிளட்ச் ஷூவின் ஸ்பிரிங் தளர்ந்தோ தூசியில் ஒட்டியோ போனால், நிற்கும்போதும் ஷூ விடாமல் பிடித்து இன்ஜினை நிறுத்திவிடும். நிற்கும்போது வண்டி முன்னே நகரப் பார்த்தால் அதுதான்.

கொடைக்கானல் போனால் மட்டும் ஸ்லோவில் வண்டி நின்றுவிடுகிறது.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். மதுரையைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது, அதே அளவு பெட்ரோலைக் கொடுத்துத் திணறவைக்கும். மேலே போய் ஸ்க்ரூக்களைத் திருகாதீர்கள். வத்தலக்குண்டு இறங்கியதும் தானே சரியாகிவிடும். எஃப்ஐ வண்டி காற்றுக்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும்.

நடுரோட்டில் நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

இதனால்தான் இந்தக் குறையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். வேகத்தில் நின்றால் ஓரமாக உருண்டுவிடலாம். பஸ்ஸுக்கு முன்னால் வலது பக்கம் திரும்பும்போது நின்றால் போக இடமில்லை, வண்டியும் பேலன்ஸ் தவறிச் சாயும்.

நின்றதும் முதலில் கிளட்சைப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் ஓட்டத்தில் இடது ஓரத்துக்கு வந்துவிடலாம். கியரில் வைத்துக்கொண்டே பதற்றத்தில் செல்ஃப் அடிக்காதீர்கள். ஓரம் வந்து நியூட்ரல் போட்டு, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவரை முதலில் இறக்கி நடைபாதையில் நிற்கச் சொல்லுங்கள். நத்தம் ரோடு மேம்பாலம் 7 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஒதுங்க நல்ல இடமில்லை. வண்டியில் இந்தக் குறை இருக்கும் நாட்களில் கீழ் ரோட்டிலேயே போங்கள்.

எல்லாம் மாற்றியாகிவிட்டது. இன்னும் நிற்கிறது. இனி என்ன?

கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயைப் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும், வளைத்துப் பார்த்தால் அடிப்பக்கம் வெடித்திருக்கும். அந்த வெடிப்பு வழியாகக் கணக்கில் இல்லாத காற்று போய் ஸ்லோவைக் கெடுக்கும். ரேஸ் கொடுத்து விட்டால் ஆர்பிஎம் உடனே இறங்காமல் தொங்கி, பிறகு சட்டென்று விழுந்து நிற்பது இதன் அடையாளம். ஸ்லோவில் ஓடும்போது அந்த ரப்பரைக் கையால் இப்படியும் அப்படியும் அழுத்திப் பார்ப்பேன், சைலன்சரில் கை படாமல். சத்தம் மாறினால் அதுதான்.

அதுவும் இல்லையென்றால் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு குறைவாக இருந்தால் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. எது என்று தெரிந்த பிறகு இன்ஜினைப் பிரிக்கச் சம்மதியுங்கள், கழற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.